தணிகையில் நெகிழாத நெஞ்சம்

யாத்திரை போய்த் திரும்பியவர்களை வரவேற்பதில் நம் வீடுகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. வந்தவர் நீட்டுகிற விபூதிப் பிரசாதத்தை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டபின், 'தரிசனம் எப்படி ஆயிற்று?' என்று கேட்பார்கள். 'திவ்யமாக ஆயிற்று' என்று பதில் வரும். கேள்வி எவ்வளவு இயல்பானதோ அவ்வளவு இயல்பானது அந்தப் பதிலும். ஆனால் போய்வந்தவருடைய உள்ளத்தில் உண்மையிலேயே ஒன்றும் நிகழவில்லையென்றால், மலையைக் கண்டும் சந்நிதியில் நின்றும் நெஞ்சம் அசையவில்லையென்றால், அதைச் சொல்லுவதற்கு நம்மிடம் ஏற்றதொரு வாக்கியம் இல்லை. ஆகையால் அவரும் 'திவ்யமாக ஆயிற்று' என்றே சொல்லிவிடுகிறார்.

அத்தகைய பொய் ஒன்றை நானும் சொல்லியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடிக் கிருத்திகையன்று, என் பெரியம்மாவின் குடும்பத்தாரோடு திருத்தணிக்கு முதன்முறையாகப் போனேன். பெரியம்மா கிருத்திகைதோறும் உபவாசம் இருப்பவர்; தணிகை என்ற பெயரைச் சொன்னாலே குரல் தழுதழுத்துவிடும் இயல்பினர். அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, கண்ணால் காண்பதற்கு முன்னரே மனத்தில் ஒரு மலை எழும்பியிருந்தது. புஷ்பக் காவடிகளும் பால்குடங்களும் மொட்டைத் தலைகளும் அரோகரா முழக்கமும் நிறைந்த அந்த ஜனத்திரளில் பல மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, சந்நிதியில் கண் இமைக்கும் பொழுதே நின்று, பின்னாலிருந்தவர்களின் நெருக்கத்தால் தானாகவே வெளியே தள்ளப்பட்டு, பிராகாரத்தில் வந்து நின்றபோது, என் நெஞ்சில் களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்தில் பெரியம்மா கண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தார். 'எப்படியப்பா இருந்தது தரிசனம்?' என்றார். 'திவ்யமாக இருந்தது, பெரியம்மா' என்றேன். அந்தப் பதில் நெடுநாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஊரும் உலகமும் கொண்டாடுகிற ஓர் இடம், நேரில் போய் நின்ற ஒருவனுக்கு மட்டும் ஒன்றும் உணர்த்தாமற் போவது எதனால்? இந்தக் கேள்விக்குப் பலரும் பலவிதமாக விடை சொல்லியிருக்கிறார்கள். அவ்விடைகளைத் தணிகையின் படிக்கட்டிலேயே வைத்துச் சோதித்துப் பார்ப்பது தகும்.

முதலாவது, பெரியவர்கள் உடனே சொல்லும் விடை: பக்தி போதாது என்பது. பக்குவமில்லாத உள்ளத்துக்குச் சந்நிதானம் வெறுங் கல்லாகத்தான் தோன்றும் என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இது முழு விடையாகாது. நம் பக்தி இலக்கியத்தைப் புரட்டிப் பார்த்தால், தம் நெஞ்சு கல்லாய் இறுகிக் கிடக்கிறதே, உருகமாட்டேன் என்கிறதே என்று புலம்பியவர்களின் வரிசையில் முதலில் நிற்பவர் மாணிக்கவாசகர். தணிகையின்மேல் பதிகம் பதிகமாகப் பாடிய இராமலிங்க அடிகளும் தம் மனத்தின் வறட்சியைச் சொல்லி இரங்கியவரே. நெகிழாமை பக்தியில்லாதவனின் குற்றமென்றால் இவர்களை எங்கே வைப்பது? பக்தியின் பாதையிலேயே வறண்ட மைல்கள் உண்டு என்பதைப் பாடியவர்கள் மறைக்கவில்லை. கேட்டுப் போகிற நாம்தான் மறைக்கிறோம்.

இரண்டாவது விடை, கூட்டமும் அவசரமும் என்பது. இது இக்காலத்தவர் சொல்லுவது. கண்ணால் கண்டு ஒப்பவேண்டியது. திருத்தணி அரக்கோணத்திலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்தில், ரேணிகுண்டாவுக்குப் போகும் இருப்புப்பாதையின்மேல் இருக்கிறது. சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையும் அதை ஒட்டியே போகிறது. இந்த வசதியே அதற்கு வினையாகவும் முடிந்தது. வேங்கடவனைச் சேவித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், பொழுது மிஞ்சினால் ஏறி இறங்கும் மலையாகப் பலருடைய பிரயாணத் திட்டத்தில் அது அமைந்துவிட்டது. வண்டி மலைமேலேயே போய் நிற்கிறது; ஒரு மணி நேரத்தில் தரிசனம் முடிகிறது. திருப்பதியின் பிரம்மாண்டத்தைக் கண்ட கண்ணோடு, அன்று மாலையே தணிகையைப் பார்ப்பவனுக்குத் தணிகை சிறியதாகத் தோன்றாமல் வேறெப்படித் தோன்றும்?

அந்த மலைக்கு உரிய வேகம் எது என்பதை உணர்த்தியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டு பிறந்ததும் மாலையும் எலுமிச்சம்பழமும் ஏந்திக்கொண்டு வெள்ளைக்கார அதிகாரிகளின் வாசலில் ஜனங்கள் காத்துக்கிடப்பதைக் கண்டு மனம் பொறாமல், துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகைமலையில் இருக்கும்போது அவரையன்றோ முதலில் காணவேண்டும் என்று அவர் அன்பர்களைத் திரட்டி 1917 ஆம் ஆண்டில் படித் திருவிழாவைத் தொடங்கினார் என்பர். டிசம்பர் 31 ஆம் நாள் படிகளுக்குப் பூசை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறி, நள்ளிரவில் புத்தாண்டைச் சுவாமி சந்நிதியில் வரவேற்கும் அவ்வழக்கம் இன்றளவும் நடந்து வருகிறது. மலையின் படிகள் 365; ஆண்டின் நாட்களும் 365. படிக்கொரு முழுப்பாட்டைப் பாடுவதானால், பாட்டுக்கு இரண்டே நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும், உச்சியை அடையப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவே அந்த மலையை ஏறுவதற்கு ஒரு பெரியவர் காட்டிய கதி. அதை ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லையே என்று வருந்துவதில் நியாயம் குறைவுதான்.

எனினும் கூட்டத்தின்மேலேயே பழி முழுவதையும் சுமத்த எனக்கு மனமில்லை. அதே கூட்டத்தில், அதே நெருக்கத்தில் நின்ற பெரியம்மாவுக்குக் கண்ணீர் வந்ததே! ஆடிக் கிருத்திகையில் காவடி சுமந்து வருகிற பல்லாயிரவருக்குக் கூட்டம் ஓர் இடையூறே அன்று. அவர்களுக்கு அதுவே திருவிழா. ஆதலால் இந்த இரண்டாம் விடையும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

மூன்றாவது, எதிர்பார்ப்பு மிகுந்தால் ஏமாற்றம் மிகும் என்ற விடை. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் நகரத்து லூவர் மாளிகையில் உள்ள மோனாலிஸா ஓவியம் 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமுமே உடையது. அதன்முன் கடல் கடந்து வந்து நிற்பவர்களில் பலர், இவ்வளவுதானா என்று திகைக்கிறார்கள். அந்நகரத்தைப் புத்தகங்களிலும் படங்களிலும் கண்டு மயங்கி வந்த ஜப்பானியப் பிரயாணிகள் சிலர், நேரில் கண்டதும் உடல்நலமும் மனநலமும் கலங்கிப்போனதைக் கண்டு, 1980களில் அங்கே மருத்துவம் செய்துவந்த ஹிரோவாகி ஓட்டா என்ற ஜப்பானிய மனநல மருத்துவர் அந்நிலைக்கு அந்நகரத்தின் பெயரையே இட்டார். கன்னியாகுமரியில் மேகம் மூடிய விடியலிலும், குற்றாலத்தில் சாரல் பொய்த்த ஆண்டிலும் நம்மவர் முகங்களில் காணும் வாட்டம் அதன் சிறிய வடிவமே. ஆனால் குற்றாலத்தில் நீர் விழவில்லை என்று அங்கே காரணம் காட்டலாம். தணிகையில் எது விழவில்லை?

எனக்குத் தோன்றுவது வேறொன்று. தணிகையின் புகழ் கண் வழியாக வளர்ந்த புகழ் அன்று. காது வழியாக வளர்ந்தது. கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு அங்கே கிடைப்பது கொஞ்சம்.

அம்மலையைப் புகழ்பெறச் செய்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் அறுபதுக்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்களைத் தணிகைக்கு அளித்தார். ஏடுகளில் சிதறிக் கிடந்த திருப்புகழை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து 1894 இலும் 1901 இலும் இரு பாகங்களாக அச்சிட்டவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை. அவருடைய புதல்வராய் அப்பாடல்களுக்கு உரைகண்ட வ. சு. செங்கல்வராய பிள்ளையைத் தமிழுலகம் 'தணிகைமணி' என்றே அழைத்தது. கச்சியப்ப முனிவர் அவ்வூரிலேயே பிறந்து, தணிகைப் புராணத்தை மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களில் பாடினார். முத்துசுவாமி தீட்சிதர் தணிகைப் படிகளில் நின்றபோது ஒரு முதியவர் தோன்றி வாயைத் திறக்கச் சொல்லி அதில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், அக்கணமே அவர் வாயிலிருந்து எழுந்தது 'ஸ்ரீ நாதாதி குருகுஹோ' என்று தொடங்கும் மாயாமாளவகௌள ராகக் கீர்த்தனை என்றும் சங்கீத உலகம் போற்றிவருகிறது. 'குருகுஹ' என்ற முத்திரை அவர் கீர்த்தனைகளில் இறுதிவரை நிலைத்தது. புலவர், பதிப்பாசிரியர், உரைகாரர், வாக்கேயக்காரர் ஆகிய இவர்கள் அனைவரும் சொல்லாலும் நாதத்தாலும் மலையைக் கட்டியவர்கள்.

இவர்களிலும் வியப்புக்குரியவர் இராமலிங்க அடிகள். சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில், வீராசாமிப் பிள்ளைத் தெருவிலிருந்த தம் தமையனார் வீட்டு மாடியறையில், சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, அதன்முன் விளக்கேற்றித் தியானித்திருந்த இளம் பிராயத்தில், அக்கண்ணாடியிலே தணிகை முருகனைக் கண்டார் என்பது அவர் சரித்திரம். திருவருட்பாவில் தணிகைப் பாடல்கள் ஓர் அருவியாகப் பாய்கின்றன. மலையடிவாரத்தில் நிற்பதற்கு முன்னரே ஒருவர் மலையைக் கண்டுவிட முடியுமென்றால், மலைமேல் நின்றும் ஒருவன் அதைக் காணாமல் திரும்புவது அவ்வளவு பெரிய அதிசயமா?

இன்னும் ஒன்று. ஆறு படைவீடுகளையும் 'முடித்துவிட்டேன்' என்று சொல்லுகிறவர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். இந்தச் சொல்லே என்னை உறுத்துகிறது. வரிசைப்படுத்திப் பார்க்கத் தொடங்கினால் ஒப்பீடு வந்துவிடும். திருச்செந்தூரின் கடலையும் அறுநூறுக்கு மேற்பட்ட படிகளை உடைய பழனியின் உயரத்தையும் கண்டு வந்தவன், தணிகையில் அவற்றைத் தேடி ஏமாறுவான். நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படையையே எடுத்துக்கொள்வோம். கண்டு பயன்பெற்ற ஒருவன் காணாத ஒருவனுக்கு வழிசொல்லும் ஆற்றுப்படை என்ற இலக்கிய வகை, பிரயாணத்துக்கு நம் முன்னோர் வகுத்த மிகப் பழைய கைகாட்டி. அதில் ஐந்தாவதாக வருவது குன்றுதோறாடல். குன்றுகள்தோறும் முருகன் ஆடி மகிழ்கிறான் என்பது அதன் பொருள். நக்கீரர் அங்கே ஒரு தனிமலையின் பெயரைச் சொல்லவில்லை. பிற்காலத்தார் அதைத் தணிகைக்கு உரியதாக்கிப் போற்றினார்கள். குன்றுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுந்த ஒரு புகழைத் தனியாக ஏந்தி நிற்கும் மலையில், வேறெங்கும் இல்லாத ஒரு காட்சியைத் தேடுவது பொருந்தாது.

பெயரும் இதற்குச் சான்று. சூரனோடு பொருத சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடமாதலால் தணிகை என்பது ஐதீகம். மற்றத் தலங்களில் கந்தசஷ்டியின் சிகரமாக நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே இல்லை. அன்று சுவாமிக்கு மலர்களைக் குவித்துப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். ஆறு வீடுகளிலும் ஆரவாரத்தை எதிர்பார்த்து வருகிறவனுக்குத் தணிதலையே தன் பொருளாகக் கொண்ட ஒரு மலை அளிக்கக்கூடியது என்ன? அமைதி ஒன்றுதான். அமைதி அவசரக்காரன் கண்ணில் வெறுமையாகவே படும்.

புராணத்தை விட்டு அண்மைச் சரித்திரத்துக்கு வந்தாலும் இதே நிலைதான். 1911 இல் அமைந்த சித்தூர் ஜில்லாவில் திருத்தணி சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது அந்த ஜில்லாவோடு திருத்தணியும் போயிற்று. தொல்காப்பியப் பாயிரம் வகுத்த வடவெல்லையை நினைந்து வேங்கடம் வரை வேண்டுமென்று ம. பொ. சிவஞானம் கிளர்ச்சி நடத்தினார். அவருக்கு முன்னரே அப்பகுதியில் தமிழ் கற்பித்து மக்களை விழிக்கச் செய்தவர் மங்கலங்கிழார். திருத்தணியில் முன்னின்றவர் வழக்கறிஞர் கே. விநாயகம். மத்தியஸ்தராக வந்த படாஸ்கரின் முடிவை இரு ராஜ்யங்களும் ஏற்று, 1959 ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. திருப்பதி திரும்பவில்லை. அந்த ஏழாண்டுகளில் மறியல் செய்து சிறை புகுந்தவர்களுக்கு இந்த மலை எப்படித் தோன்றியிருக்கும்! அவர்களுடைய கண் நமக்கு ஒரு பகல் நேரத்தில் வாய்க்குமா?

பல ஆண்டுகள் கழித்து, தை மாதத்துச் சாதாரண நாள் ஒன்றில், தனியாகப் போனேன். அரக்கோணத்தில் ரயில் மாறி இறங்கி, சரவணப் பொய்கையைச் சுற்றிப் படியேறினேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, படிகளைத் தெலுங்கில் எண்ணிக்கொண்டே ஏறினார். பையன் தமிழில் திருப்பி எண்ணினான். நூறு தாண்டியதும் இருவரும் கணக்கைத் தவறவிட்டு, சிரித்துக்கொண்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். எல்லையைப் பற்றி நான் படித்தவற்றையெல்லாம் விட அந்தக் காட்சி எனக்கு அவ்வூரைப் பற்றி அதிகம் சொல்லிற்று. சந்நிதியில் இம்முறை நிதானமாக நிற்க முடிந்தது. கண்ணீர் வரவில்லை. ஒரு சாந்தம் இருந்தது. அதைப் பெரிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை.

என்னை அசைத்தது மலையடியில், நந்தியாற்றங்கரையில் இருந்த வீரட்டானேசுவரர் கோயில். பல்லவ வமிசத்தின் கடைசி அரசனாகிய அபராஜிதன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், நம்பி அப்பி என்பவர் கருங்கல்லால் எடுப்பித்தது; யானை படுத்திருப்பது போன்ற தூங்கானைமாட விமானம் உடையது. அந்தத் திருப்பணியைப் பாராட்டி அரசனே பாடிய வெண்பா ஒன்று அங்கே கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. சோழன் ஆதித்தனிடம் தோற்று மறைந்த ஓர் அரசன், ஒரு குடிமகன் கட்டிய சின்னஞ்சிறு கோயிலைப் பார்த்து மகிழ்ந்து தமிழில் நாலடி பாடினான் என்பதும், அந்த நாலடி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது என்பதும், அக்கல்லை விரலால் தொட்டபோது என் உடலில் ஓடிய உணர்ச்சிக்குப் போதுமான காரணங்கள். அங்கே அப்பொழுது என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மேலே மலையில் கிட்டாதது கீழே கிட்டியது என்று சொல்ல எனக்கு இப்போது அச்சமில்லை.

ஊர் திரும்பியதும் பெரியம்மாவிடம் பழைய பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. 'நான் சுவாமியைப் பார்த்து அழுதேன் என்றா நினைத்தாய்? உன் பெரியப்பா கடைசியாக ஏறின வருஷம், மூச்சு வாங்கி அந்தப் பிராகாரத்துத் தூணில்தான் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தத் தூணைப் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது' என்றார். திருமணமான புதிதில் மாமியாரோடு முதன்முதல் போனபோது தமக்கும் கால்வலி ஒன்றுதான் நினைவிருக்கிறது என்றும் சொன்னார்.

அன்றுதான் எனக்கு ஐயம் தீர்ந்தது. ஒரு தலம் பலருக்கு ஒரே விதமாக இனிப்பதில்லை. அவரவர் அங்கே விட்டுவைத்த ஆண்டுகளே அவரவருக்கு இனிக்கின்றன. முதன்முறை போகிறவன் அங்கே எதையும் விட்டுவைத்தவன் அல்லன். பிறருடைய ஆண்டுகள் தனக்குள்ளும் ஒரு மணி நேரத்தில் பேசவேண்டுமென்று எதிர்பார்க்கிறான். பேசவில்லையென்றால், அதற்காக அவன் வெட்கப்படவேண்டியதில்லை. மலையைக் குறைகூறவும் வேண்டியதில்லை.

குழந்தைகளைத் திருத்தணிக்கு அழைத்துப் போகிறவர்களை நான் வேண்டிக்கொள்வது இது: திருப்பதிப் பயணத்தின் மிச்சத்தை அந்த மலைக்கு ஒதுக்காதீர்கள், ஒரு முழு நாளைக் கொடுங்கள். ஒரு தடவையாவது வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுப் படிவழியாக ஏறுங்கள். ஏறும்போது ஒரு திருப்புகழாவது குழந்தைகள் காதில் விழட்டும். இறங்கிய பின் நந்தியாற்றங்கரைக்குப் போய் அபராஜிதனின் வெண்பாவை அவர்களுக்குக் காட்டுங்கள். வீடு திரும்பியதும் 'எப்படி இருந்தது?' என்று கேளுங்கள். 'ஒன்றும் தோன்றவில்லை' என்று குழந்தை சொன்னால், அதை அதட்டாமல், அடுத்த ஆண்டும் அழைத்துப் போங்கள்.